கையில் அடங்கும் கைப்பேசி: கடலூர், புதுச்சேரி வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதுச்சேரி நேரு வீதியிலோ திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலையிலோ உள்ள ஒரு கைப்பேசிக் கடைக்குச் சென்று, சட்டைப் பையில் அடங்குகிற சிறிய ஸ்மார்ட்போன் வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் 6.7 அங்குலத் திரை கொண்ட ஒன்றைத்தான் எடுத்து நீட்டுவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. கடைக்கு வருபவை அவைதாம். ஆயினும் கடலூர் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் செய்தி பார்க்கிறவர்கள், வேட்டி கட்டுவதால் சட்டைப் பையை மட்டுமே நம்பியிருப்பவர்கள், பையே தைக்கப்படாத சுடிதாரோடு சிறு கைப்பையை எடுத்துக்கொண்டு புறப்படுகிறவர்கள் ஆகியோருக்குப் பெரிய கைப்பேசி அன்றாட இடைஞ்சலாகவே இருக்கிறது. அவர்களில் முதன்முறையாகச் சிறிய கைப்பேசியைத் தேட முற்படுகிறவர் எதை முதலில் முடிவுசெய்ய வேண்டும், வாங்கும்போது எதைச் சோதிக்க வேண்டும், வாங்கிய பின் எப்படி அமைத்துக்கொள்ள வேண்டும் என்பவற்றை, அந்த வேலைகள் நடக்கும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

அகலத்தை முதலில் முடிவுசெய்யுங்கள்

விளம்பரங்களில் வரும் அங்குலக் கணக்கு, திரையின் எதிரெதிர் மூலைகளுக்கு இடையே உள்ள நீளத்தைக் குறிக்கிறது. கைப்பேசி கையில் அடங்குமா என்பதை அந்த எண் சொல்லாது. பத்தாண்டுகளுக்கு முன் பெரும்பாலான திரைகள் 16:9 என்ற விகிதத்தில் இருந்தன. இன்றைய திரைகள் 20:9 என்ற விகிதத்தையோ அதற்கு நெருக்கமான ஒன்றையோ கொண்டு, ஒடுங்கி நீண்டுவிட்டன. கணக்கிட்டுப் பார்த்தால், பழைய விகிதத்தில் 5.5 அங்குலத் திரையின் அகலம் 68 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. புதிய விகிதத்தில் 6.1 அங்குலத் திரையின் அகலமோ 64 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. ஆகவே அங்குல எண்ணை ஒதுக்கிவிட்டு, விவரப் பட்டியலில் பெரும்பாலும் அடியில் கிடக்கும் உயரம், அகலம், தடிமன், எடை ஆகிய நான்கையும் தேடிப் படிக்க வேண்டும். கட்டைவிரல் மறுபக்க விளிம்பை எட்டுமா என்பதை அகலமும், சட்டைப் பைக்கு வெளியே தலை நீட்டுமா என்பதை உயரமும், பையின் வாயை இழுத்துத் தொங்கவைக்குமா என்பதை எடையும் தீர்மானிக்கின்றன. இவற்றுள் அகலத்துக்கே நான் முதலிடம் தருவேன். உயரத்தை ஓரளவு மென்பொருள் அமைப்பால் சமாளிக்கலாம். அகலத்தைச் சமாளிக்க வழியே இல்லை.

இதற்கான அளவுகோல் எல்லோருடைய பையிலும் இருக்கிறது. ஏடிஎம் அட்டையின் அகலம் 54 மில்லிமீட்டர், நீளம் ஏறத்தாழ 86 மில்லிமீட்டர். 64 மில்லிமீட்டர் அகலமுள்ள கைப்பேசி அந்த அட்டையை விட ஒரு சென்டிமீட்டரே அகலம் கூடியது. 78 மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் கூடியது. இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால், பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையை எடுத்து, 131-க்கு 64, 147-க்கு 71, 162-க்கு 78 மில்லிமீட்டர் என்ற மூன்று அளவுகளில் வெட்டிக்கொள்ளுங்கள். முதலாவது ஐபோன் 13 மினியின் அளவு. இரண்டாவது சாம்சங் கேலக்சி எஸ்25-ஐ ஒட்டிய அளவு. மூன்றாவது இன்றைய பெரிய கைப்பேசிகளின் அளவு. ஒவ்வொன்றையும் நீங்கள் வழக்கமாகக் கைப்பேசி வைக்கும் பையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் நடமாடுங்கள். குனிந்து வண்டியின் ஸ்டாண்டைத் தள்ளும்போது எது நழுவுகிறது, உட்காரும்போது எது தொடையில் குத்துகிறது என்பது அன்றே தெரிந்துவிடும். பின்னால் போடப்போகும் கவர் அகலத்தில் மேலும் சில மில்லிமீட்டரைச் சேர்க்கும் என்பதையும் இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

என் வகைப்பாட்டில் 65 மில்லிமீட்டருக்குள் இருப்பது உண்மையிலேயே சிறியது. 70 வரை ஒரு கைக்கு வசமானது. 72 வரை இக்காலத்துக்குச் சிறியது எனலாம். 75-ஐத் தாண்டினால் இரண்டு கைகளும் வேண்டும். தயாரிப்பாளர்கள் எவரும் இப்படிப் பிரிப்பதில்லை. அவர்கள் சிறியது என்று சொல்வது பெரும்பாலும் நான் சொல்லும் மூன்றாம் வகையைத்தான்.

சந்தையில் உண்மையில் இருப்பவை

65 மில்லிமீட்டருக்குள் அடங்கும், பெயர்பெற்ற நிறுவனத்தின் புதிய ஸ்மார்ட்போனைக் கடையில் எதிர்பார்ப்பதில் இன்று பயனில்லை. ஆப்பிள் நிறுவனம் 2020-இல் ஐபோன் 12 மினியையும், 2021-இல் 13 மினியையும் கொண்டுவந்தது, இரண்டும் 5.4 அங்குலத் திரையும் 64.2 மில்லிமீட்டர் அகலமும் கொண்டவை. 2022-இல் ஐபோன் 14 வரிசை வந்தபோது மினியின் இடத்தில் பிளஸ் என்ற பெரிய வகை வந்து அமர்ந்தது. 2023 செப்டம்பரில் 13 மினியின் விற்பனையையும் ஆப்பிள் நிறுத்திக்கொண்டது. சோனி தன் எக்ஸ்பீரியா காம்பாக்ட் வரிசையை 2018-இல் வந்த எக்ஸ்இசட்2 காம்பாக்டோடு முடித்துக்கொண்டது. பெரிய உடலில் பெரிய பேட்டரியையும் பெரிய கேமராவையும் வைக்க முடிகிறது; கைப்பேசியிலேயே படம் பார்க்கிறவர்கள் பெருகிவிட்டார்கள்; ஆகவே விற்பனை அந்தப் பக்கமே சாய்கிறது. சிறியதை விரும்புகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதோடு, வாங்கியதை எளிதில் மாற்றாதவர்களும் அவர்களே என்பதால், எந்த நிறுவனமும் இவர்களை நம்பிக் கடை விரிக்காததில் வியப்பில்லை.

எனவே இரண்டே வழிகள் உள்ளன. ஒன்று, கையாண்ட பழைய கைப்பேசியை வாங்குவது. ஐபோன் 13 மினி, 12 மினி ஆகியவற்றோடு, 67.3 மில்லிமீட்டர் அகலமுள்ள ஐபோன் எஸ்இயின் 2020, 2022 வகைகளும், அசுஸ் நிறுவனம் 2022-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த 68.5 மில்லிமீட்டர் அகலமுள்ள 8இசட்டும் இந்த வழியில் கிடைக்கக்கூடியவை. 2019-இல் வந்த கேலக்சி எஸ்10இ, 2020-இல் வந்த கூகுள் பிக்சல் 4ஏ ஆகியவையும் கைக்கு இனியவைதாம். ஆனால் அவற்றுக்கு மென்பொருள் புதுப்பிப்பு நின்றுவிட்டது, 5ஜி வசதியும் இல்லை. பிக்சல் 4ஏக்கு வேறொரு சிக்கலும் உண்டு: 2025 ஜனவரியில் கூகுள் அனுப்பிய ஒரு புதுப்பிப்பு, சில கைப்பேசிகளில் பேட்டரியின் பயன்படும் கொள்ளளவைக் குறைத்துவிட்டது. எடையும் விலையும் எவ்வளவு ஈர்த்தாலும் இப்போது அதைப் புதியவர் ஒருவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

மற்றொரு வழி, இக்காலத்துக்குச் சிறியதை ஏற்றுக்கொள்வது. கேலக்சி எஸ்25 70.5 மில்லிமீட்டர் அகலமும் 162 கிராம் எடையும் கொண்டது. ஐபோன் 16 71.6 மில்லிமீட்டர், 170 கிராம். 2025-இல் இந்தியாவில் வெளியான ஒன்பிளஸ் 13எஸ் 71.7 மில்லிமீட்டர், 185 கிராம். 221 கிராம் எடையுள்ள ஐபோன் 15 புரோ மேக்ஸையோ, 232 கிராம் எடையுள்ள கேலக்சி எஸ்24 அல்ட்ராவையோ சில காலம் சுமந்தவருக்கு இவையே பெரிய நிம்மதியாக இருக்கும். ஆனால் 13 மினியின் 141 கிராமுக்குப் பழகியவருக்கு இவை சிறியவையாகத் தோன்றுவதில்லை.

மடிக்கும் கைப்பேசிகளைப் பற்றியும் கேட்பார்கள். கேலக்சி இசட் ஃபிளிப்5 மடித்த நிலையில் 85 மில்லிமீட்டர் உயரமே உள்ளது என்பதால் எந்தப் பையிலும் அடங்கும். ஆனால் மடித்த தடிமன் 15 மில்லிமீட்டர், விரித்தால் 165 மில்லிமீட்டர் உயரமுள்ள முழுப் பெரிய கைப்பேசி. பையின் சிக்கல் தீர்கிறது, கையின் சிக்கல் அப்படியே நிற்கிறது. மேலும் அதன் பாதுகாப்புத் தரம் தண்ணீருக்கு மட்டுமே, தூசிக்கு இல்லை. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் மாலைதோறும் மணலில் உட்காருகிறவர் அதன் கீலை நினைத்துக் கவலைப்பட வேண்டியிருக்கும். பேசவும் பணம் அனுப்பவும் மட்டுமே கைப்பேசி தேவைப்படுகிறவருக்குப் பட்டன் போனே போதும். இணையம் இல்லாத பட்டன் போனிலிருந்தும் பணம் அனுப்ப உதவும், 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்த யுபிஐ 123பே அதற்காகவே வந்தது.

சிம், அலைவரிசை, மென்பொருள் ஆயுள்

பழைய கைப்பேசியைத் தேர்ந்தெடுக்கும்போது அழகுக்கு முன்பாக அலைவரிசையைப் பார்க்க வேண்டும். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி வலையமைப்பு கிடையாது. அதன் அழைப்புகள் வோல்ட்டி எனப்படும் 4ஜி வழிக் குரல் அழைப்பு, 5ஜி, வைஃபை ஆகியவற்றின் வழியாகவே நடக்கின்றன. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இணையம் நன்றாக ஓடினாலும், இங்குள்ள சேவைக்கு வோல்ட்டி இயக்கப்படாவிட்டால் அழைப்பு மட்டும் போகாது. இதை விவரப் பட்டியலைப் படித்து உறுதிசெய்ய இயலாது. உங்கள் சிம்மைப் போட்டு, கடையிலேயே ஓர் அழைப்பைச் செய்து பார்த்துவிடுவதே வழி.

5ஜி இந்தியாவில் 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. 12 மினியிலும் 13 மினியிலும் 5ஜி உண்டு. இந்தியாவில் அது வேலை செய்யத் தேவையான மென்பொருள் 2022 டிசம்பரில் வந்தது. 2020-ஆம் ஆண்டின் எஸ்இ 4ஜியோடு நின்றுவிட்டது. 4ஜி அன்றாடத் தேவைக்கு இன்னும் போதுமானது என்பதே என் எண்ணம். இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் நல்ல நிலையில் கிடைக்கும் எஸ்இயை ஒதுக்க வேண்டியதில்லை.

இரண்டு எண்கள் வைத்திருப்பவர்கள் மற்றொன்றைக் கவனிக்க வேண்டும். மினி வகைகளில் ஒரு சிம் அட்டைக்கு மட்டுமே இடம் உண்டு. இரண்டாவது எண்ணை, அட்டை இல்லாமல் கைப்பேசிக்குள்ளேயே பதியப்படும் இசிம்மாக மாற்றிக்கொள்ள வேண்டும். ஜியோ, ஏர்டெல், வி ஆகிய மூன்றும் இசிம் தருகின்றன என்றாலும், மாற்றும் வேலை முடியும் வரை அந்த எண்ணுக்கு வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொற்கள் (ஓடிபி) கிடைக்காமல் போகலாம் என்பதால், வாடகையோ கல்விக் கட்டணமோ கட்ட வேண்டிய நாளில் அதைச் செய்யாதிருப்பது நலம்.

மென்பொருள் ஆயுளைப் பொறுத்தவரை பழைய சிறிய ஐபோன்கள் நல்ல நிலையில் இருக்கின்றன. ஐபோன்களின் இயக்க மென்பொருளில் 2025-இல் வந்த ஐஓஎஸ் 26, 2020-ஆம் ஆண்டின் எஸ்இக்கும் இரண்டு மினிகளுக்கும் கிடைக்கிறது. 2016-இல் வந்த முதல் எஸ்இ, 58.6 மில்லிமீட்டர் அகலமும் 113 கிராம் எடையும் கொண்ட மிக அருமையான கருவி. ஆனால் ஐஓஎஸ் 15-க்கு மேல் அது ஏறாது. வங்கிச் செயலிகளும் பணம் செலுத்தும் செயலிகளும் பழைய மென்பொருளை ஒவ்வொன்றாகக் கைவிட்டு வருவதால், அதை இரண்டாவது கைப்பேசியாக வைத்துக்கொள்ளலாமே தவிர, ஒரே கைப்பேசியாக நம்ப முடியாது.

பழையதை வாங்கும் நாளில்

கையாண்ட கைப்பேசியை இணையத்தில் வாங்கினால் திருப்பித் தரும் காலம் எத்தனை நாள் என்பதையும், கடையில் வாங்கினால் பில்லில் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய தனி அடையாள எண்) எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பில் இல்லாமல் கைமாறும் கைப்பேசி, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். திருட்டுப் பொருளாக இருந்துவிட்டால் பணமும் போய், காவல் நிலையத்துக்கும் நடக்க நேரிடும்.

பணம் கொடுப்பதற்கு முன் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் திரையில் வரும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் பதிவேட்டிலிருந்து அந்தக் கைப்பேசியின் நிறுவனப் பெயரும் வகையும் பதிலாக வரும். முடக்கப்பட்டது, போலி எண், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்பவற்றுள் ஏதேனும் ஒரு பதில் வந்தால், பேரத்தை அத்தோடு நிறுத்திவிட வேண்டும். இதே சோதனையைத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் செய்யலாம்.

அடுத்து, விற்பவர் தம் ஆப்பிள் கணக்கிலிருந்தோ கூகுள் கணக்கிலிருந்தோ வெளியேறி, கைப்பேசியை உங்கள் கண் முன்னே முழுமையாக அழித்து, புதிதாகத் தொடங்கும் திரை வரை கொண்டுவந்து காட்டட்டும். பழைய உரிமையாளரின் கணக்கு உள்ளே தங்கிவிட்டால், அவருடைய கடவுச்சொல் இல்லாமல் அந்தக் கைப்பேசி எதற்கும் உதவாது. பிறகு செய்வேன் என்ற வாக்குறுதியை ஏற்க வேண்டாம்.

ஐபோனாக இருந்தால் அமைப்புகளில் பேட்டரி நலம் என்ற பகுதியைத் திறந்து சதவீதத்தைப் பாருங்கள். 14 வரிசை வரையிலான ஐபோன்களின் பேட்டரி, முழுமையாக ஏற்றித் தீர்க்கும் 500 சுற்றுகளுக்குப் பின் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது என்று ஆப்பிள் சொல்கிறது. மினியைப் போன்ற சிறு பேட்டரியில் 80 சதவீதம் என்பது மாலைக்குள் சார்ஜரைத் தேட வைக்கும் அளவு. ஆகவே அந்த நிலையில் உள்ளதை வாங்கினால் பேட்டரி மாற்றும் செலவை விலையிலேயே கழித்துப் பேச வேண்டும். மினிகளில், கைப்பேசியைப் பற்றிய விவரப் பக்கம் திரையோ பேட்டரியோ மாற்றப்பட்டிருந்தால் அதையும், போட்டது அசல் பாகமா என்பதையும் காட்டும். அசல் அல்லாத திரையில் வண்ணமும் தொடுகையும் ஏமாற்றலாம் என்பதால், தமிழில் ஒரு நீண்ட வாக்கியத்தை ஓரம் வரை தட்டிப் பார்த்துவிடுங்கள். முக அடையாளம், இரு ஒலிபெருக்கிகள், முன், பின் கேமராக்கள், சார்ஜர் நுழையும் வாய் ஆகியவற்றை வரிசையாகச் சோதிக்கச் சில நிமிடங்களே ஆகும். மினிகளும் எஸ்இயும் லைட்னிங் என்ற ஆப்பிளின் பழைய வகை வாய் கொண்டவை. வீட்டில் மற்றவர்கள் வைத்திருக்கும் டைப்-சி கம்பி இவற்றுக்குப் பொருந்தாது.

சிறிய திரையில் தமிழ்

ஆங்கில விமரிசனங்களில் காணக் கிடைக்காத ஒரு செய்தி, நம் எழுத்துக்கும் சிறு திரைக்கும் உள்ள உறவு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை; சுழிகளும் கொம்புகளும் தெளிவாகத் தெரிய எழுத்தின் அளவும் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். 64 மில்லிமீட்டர் அகலத்தில் எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரியில் இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் நிற்பதில்லை. நாளிதழ்களைக் கைப்பேசியிலேயே படிக்கிறவரும், நாற்பதைக் கடந்து வெள்ளெழுத்துக் கண்ணாடி போடுகிறவரும் இதைத் தயங்காமல் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு 70 மில்லிமீட்டரை ஒட்டிய கைப்பேசியே ஏற்றது என்பேன்.

எழுத்தின் அளவை ஒரேயடியாக உச்சத்துக்கு ஏற்ற வேண்டாம். ஒரு படி ஏற்றி, தடித்த எழுத்தைத் தேர்ந்தெடுத்தாலே பல கண்களுக்குப் போதுமாகிறது. திரையில் வரும் எல்லாவற்றையும் பெரிதாக்கும் அமைப்பும் தனியே இருக்கிறது. அதை இயக்கினால் சில செயலிகளில் பணம் செலுத்தும் பொத்தான் திரைக்குக் கீழே போய்விடக்கூடும் என்பதால், ஒரு ரூபாயை வீட்டிலுள்ள ஒருவருக்கு அனுப்பிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

தட்டெழுதும் முறையே பெரிய வேறுபாட்டைத் தருகிறது. தமிழ் எழுத்துகளை நேராகத் தட்டும் தமிழ்99 விசைப்பலகையின் மேல் வரிசையில் 12 எழுத்துகள் உள்ளன; ஆங்கில விசைப்பலகையின் மேல் வரிசையில் பத்தே. அதே அகலத்தில் இரண்டு விசைகள் கூடும்போது ஒவ்வொரு விசையும் மெலிகிறது; ளகரத்தைத் தொட நினைத்த விரல் றகரத்தைத் தொட்டுவிடும். தமிழ்99-க்குக் கை பழகியவர் ஒலிபெயர்ப்பு முறைக்கு மாறத் தயங்குவது இயல்பே. ஆனால் மினியின் அகலத்தில் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறும் முறையே பிழை குறைந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஐபோனில் அஞ்சல் என்ற பெயரில் அது கூடவே வருகிறது. ஆண்ட்ராய்டில் கூகுளின் ஜிபோர்டில் கிடைக்கிறது. நீண்ட செய்திகளுக்கு ஜிபோர்டின் குரல் தட்டச்சு உதவும். கடற்கரைச் சாலையில் காற்று பலமாக வீசும்போது மட்டும் அதனிடம் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மேல் மூலையை எட்ட முடியாதபோது, ஐபோனின் அணுகல்தன்மை அமைப்புகளில் தொடுகை என்ற பிரிவில் எட்டுவசதியை இயக்கி, திரையின் அடி விளிம்பைக் கீழ்நோக்கித் தள்ளினால், மேற்பாதி இறங்கி வரும். எஸ்இயில் முகப்புப் பொத்தானை அழுத்தாமல் இருமுறை மெல்லத் தொட்டால் போதும். சாம்சங்கில் ஒரு கை முறை என்ற பெயரில் இதைப் போன்ற வசதி உண்டு.

பேட்டரி, வெயில், கடல்

சிறிய உடலில் சிறிய பேட்டரிதான் அடங்கும். ஆப்பிள் தரும் கணக்கின்படி, தொடர்ந்து காணொளி பார்த்தால் 12 மினி 15 மணி நேரமும், 13 மினி 17 மணி நேரமும், 15 புரோ மேக்ஸ் 29 மணி நேரமும் தாக்குப்பிடிக்கும். அன்றாடப் பயன்பாட்டில் இந்த நேரங்கள் எல்லாமே குறையும். ஆனால் அவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடு தொடரும். ஆகவே பழையதில் மினியை வாங்குவதாக முடிவெடுத்தவருக்கு இரண்டில் 13 மினியே நல்ல தேர்வு. நாள் முழுவதும் வரைபடத்தைத் திறந்து வைத்து வண்டி ஓட்டுகிறவர்களும், உணவு கொண்டு சேர்க்கும் பணியில் இருப்பவர்களும் சிறிய கைப்பேசியை ஒரே கைப்பேசியாக வைத்துக்கொள்ள நினைக்க வேண்டாம்.

ஐபோன்களை 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தவே ஆப்பிள் அறிவுறுத்துகிறது. அக்னி நட்சத்திர நாள்களில் கடலூரில் வெயில் அதைத் தாண்டிவிடும் என்பதால், வண்டியின் கைப்பிடியில் மாட்டிய தாங்கியில் வெயிலில் விடுவதைத் தவிர்க்க வேண்டும். சட்டைப் பையில் அடங்கும் கைப்பேசிக்கு அந்தத் தாங்கியே தேவையில்லை.

மினிகளின் நீர்த்தடுப்புத் தரம் ஐபி68. அது நன்னீரில் சோதிக்கப்பட்டது. உப்பு நீருக்கு உத்தரவாதம் ஆகாது. திரையோ பேட்டரியோ மாற்றப்பட்ட பழைய கைப்பேசியில் அந்தத் தடுப்பு இருப்பதாகவே எண்ண வேண்டாம். அலை தெறித்துவிட்டால் உடனே ஈரத் துணியால் உப்பைத் துடைத்து, சார்ஜர் வாய் நன்கு உலர்ந்த பின்னரே கம்பியைச் சொருகுங்கள்.

இந்தக் கரையில் வாழ்கிறவர்கள் மின்தடையையும் கணக்கில் வைத்தே கைப்பேசி வாங்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது மின்சாரம் திரும்பப் பல நாள்கள் ஆயின; 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. இப்படிப்பட்ட நாள்களில் சிறிய பேட்டரி ஒரு வகையில் அனுகூலமாகிறது. 10,000 மில்லிஆம்பியர் மணி கொண்ட பவர் பேங்க், இழப்பு போக ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் கைப்பேசிக்குத் தரும். அதைக் கொண்டு 13 மினியை இரண்டு முறைக்கு மேல் முழுமையாக நிரப்பலாம், 5,000 மில்லிஆம்பியர் மணி பேட்டரி கொண்ட பெரிய கைப்பேசியை ஒரு முறைக்குச் சற்று மேல்தான் நிரப்ப முடியும். குறைந்த மின் பயன்பாட்டு முறையை இயக்கி, அழைப்புக்கும் செய்திக்கும் மட்டும் பயன்படுத்தினால் அந்த இரண்டு நிரப்பல்கள் மின்சாரம் இல்லாத சில நாள்களுக்கு ஈடுகொடுக்கும். அக்டோபர் பிறந்ததும் பவர் பேங்கை முழுமையாக ஏற்றி, கைப்பேசிக்கு உரிய லைட்னிங் கம்பியையும் அதோடு கட்டி வைத்து, வடகிழக்குப் பருவமழை ஓயும் வரை மாதம் ஒரு முறை மீண்டும் ஏற்றிக்கொள்ளுங்கள்.